நட்சத்திரக் குறியும் நச்சினார்க்கினியரும்: கெர்னல் உரைமரபு குறித்த முதற்கட்ட ஆய்வு

திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், ஒரு பேட்சுக்கு, அதாவது கோட் மாற்றத்துக்கு, கமெண்ட் என்னும் உரை எழுதுபவர் ஒருவர்தான். அந்த உரைக்கு உரை எழுதத்தான் பதின்மர் வருகிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடையில், தே தாரிக் ஏடு கட்டிக்கொண்டிருந்த வேளையில், இவ்வுண்மை இவ்வாய்வாளனுக்குப் புலப்பட்டது.

களப்பணிக்குக் கிடைத்த மூலப்பிரதி, கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயில் பிடித்து வந்த தம்பி ஒருவரின் மடிக்கணினி. சென்சார் டிரைவர் ஒன்றில் நாலே வரி மாற்றம். ஐந்தாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. “கோட்ல ஒண்ணும் சொல்லலண்ணே. கமெண்ட்தான்” என்றார்.

முதல் பதிப்பில், எம்ஸ்லீப்(20) என்ற வரிக்கு மேலே “20 மில்லிவினாடி காத்திரு” என்று எழுதியிருந்தார். இது பதவுரை, திங்கள் என்றால் நிலா என்று எழுதிக் காசு பார்க்கும் நோட்ஸ் ஆசிரியர் வேலை. கோட் எப்படி இயங்குகிறது என்று கமெண்டில் விளக்காதே என்பது கெர்னல் நடைவிதி. அதையொட்டித்தான் கேட்டிருந்தார் ரிவியூ செய்தவர்: காத்திருப்பது தெரிகிறது, ஏன் 20? தம்பி ரோஷப்பட்டு ஒன்பது வரியில் விருத்தியுரை அனுப்பினார். வரலாற்றையெல்லாம் கமிட் செய்திக்குக் கொண்டுபோ என்றார்கள். மூன்றாவதில் ஒரே வாக்கியம்: கையேட்டின்படி மின்னழுத்தம் நிலைபெற 20 மில்லிவினாடி வேண்டும். நன்னூலார் கேட்ட சுருங்கச் சொல்லல் கைகூடிவிட்டது. ஆனாலும் மூன்றாம் முறை முதல் ஐந்தாம் முறை வரை திரும்பியதற்குக் காரணம், நட்சத்திரக் குறி.

இது வடகலை தென்கலைக்குச் சற்றும் குறையாத விவகாரம். பல வரிக் கமெண்டில், திறக்கும் சாய்கோடும் நட்சத்திரமும் தனி வரியில் நிற்க வேண்டும் என்பது பெரும்பான்மைச் சம்பிரதாயம். கெர்னலின் வலைப்பின்னல் பகுதியினர் அந்த வரியிலேயே பேச்சைத் தொடங்கிவந்தார்கள். முடிவை மட்டும் தனியே விட்டுவந்தார்கள். மேலும் கீழும் ஒத்துப்போகாத இந்தக் கோலத்தைக் கண்டு 2016 ஜூலையில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கொதித்தெழுந்தார். விதிநூலோ அப்பகுதிக்கென்று நெடுநாள் தனிவிலக்கே வைத்திருந்தது. காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் போடுவது என்று நீதிமன்றம் போனவர்களின் வழிவந்த நமக்கு இதில் வியப்பில்லை.

சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒரு சிபியு எழுதியதை இன்னொரு சிபியு அதே வரிசையில் காணும் என்ற உறுதி கிடையாது. அதற்காக இடும் தடுப்புக்கு ‘மெமரி பேரியர்’ என்று பெயர். ஒற்றை வரி, தனியாகப் பார்த்தால் அர்த்தமே ஆகாது. வேறெங்கோ, சில சமயம் வேறு கோப்பிலேயே, அதன் ஜோடி இருக்கும். அந்த ஜோடி எது என்பதைக் கமெண்ட்தான் சொல்லியாக வேண்டும். கமெண்ட் இல்லாத பேரியரைக் கண்டால் செக்பேட்ச் என்ற பெர்ல் நிரலே எச்சரிக்கும். பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு ‘மாட்டு’ என்று இணைத்ததற்காக நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் கண்டித்தார். கெர்னலில் அவருக்குப் பராமரிப்பாளர் பதவியே கிடைத்திருக்கும் என்பது என் துணிபு.

உரையாசிரியரே கைவிரித்ததும் உண்டு. 1975-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில், ஒரு புரோசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில், இது உனக்குப் புரிய வேண்டியதில்லை என்ற பொருளில் ஒரு கமெண்ட். திமிர் என்றே பலர் நினைத்தார்கள். பரீட்சைக்கு வராது என்ற தொனியில்தான் எழுதினோம், உண்மையில் எங்களுக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் ஒப்புக்கொண்டார். பரிமேலழகரிடம் இந்த ஒப்புதலை எதிர்பார்க்க முடியாது.

கோட் மாறியபின்னும் மாறாத கமெண்டுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே போதும். 1881 தீக்குப் பிறகு கோலாலம்பூரைச் செங்கல்லால் எழுப்பியபோது இங்கே சூளைகள் இருந்தன. சூளை போய், ரயில்வே குடியிருப்பு வந்து, பூமாலைக் கடையும் வாழையிலைச் சாப்பாடும் வந்தாகிவிட்டது. பெயர் இன்னும் பிரிக்ஃபீல்ட்ஸ்தான்.

தம்பியின் பேட்சின் ஆறாம் பதிப்பு ஏற்கப்பட்டது. அடுத்த வாரம் தம்பி காட்டினார். நட்சத்திரங்கள் அணிவகுத்து நின்றன. கையேட்டின் புதிய பதிப்பைப் பார்த்த யாரோ சொன்னதால் கோடில் 25 ஆக்கியிருந்தார். மேலே கமெண்டில் இன்னும் 20.

“பத்துப் பேர் பாத்தாங்களே தம்பி?”

“நட்சத்திரத்தைப் பாத்தாங்கண்ணே” என்றவர், பையை மாட்டிக்கொண்டு கேஎல் சென்ட்ரல் பக்கம் நடந்தார். கொம்யூட்டர் போய்விடுமாம்.