முன்னோர் உணவுக்கு இருபது சதம் தள்ளுபடி

புனே விஷ்ராந்த்வாடியில் இப்போது முன்னோர்களுக்கு நல்ல கிராக்கி. தானோரி சாலை சூப்பர் மார்க்கெட்டில் அவர்களுக்கென்றே ஓர் அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள். ராகி பிஸ்கட், கம்பு பஃப், சோளச் சிப்ஸ், ஏழு தானிய நூடுல்ஸ். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, அலமாரி நீண்டுகொண்டே போகிறது. பாக்கெட்டின் முகப்பில் மூக்குத்தி போட்ட ஒரு கிழவி திருகை சுற்றிக்கொண்டிருக்கிறாள். ராகி பிஸ்கட்டை எடுத்துத் திருப்பினேன். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதனால் முகப்பு என்ன கதை விட்டாலும் முதுகு உண்மையைச் சொல்லிவிடும். மைதா, சர்க்கரை, பாமாயில், அதற்குப் பிறகு ராகி. கிழவி அத்தனை சிரத்தையாக அரைப்பது மைதாவைத்தான்.

எங்கள் வீட்டு முன்னோர்கள் இவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை. அப்பா சேலம் ஜில்லா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். 1869-இல் வெள்ளைக்காரன் கட்டியது அது. எனக்கு விவரம் தெரிந்த வயதில் 1972 பஞ்சம் வந்தது. மராட்டியக் கிராமங்களில் ஜனங்கள் வெயிலில் கல்லுடைத்துக் கூலி வாங்கினார்கள். நகரத்தில் எங்களுக்கு ரேஷனில் அமெரிக்கச் சிவப்புச் சோளம் கிடைத்தது. மைலோ என்பார்கள். பக்கத்து வீட்டுக் காக்கு, மராத்தியில் சித்தி, அதில் பாக்ரி ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் வெடித்தது. அம்மா களி கிண்டினாள். துடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் எல்லாரும் சிறுதானியம் தின்றார்கள், திடகாத்திரமாக இருந்தார்கள் என்று காலை நடையில் ஒரு நண்பர் தினமும் சொல்கிறார். தின்றோம், உண்மைதான். கப்பல் வந்தால் தின்றோம்.

ஆஷாட ஏகாதசி வந்தால் காக்கு வீட்டில் விரதம். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மகான் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து எங்கள் சாலை வழியாகத்தான் புனேக்குப் போகும். அன்று கூட நடந்து வரும் வார்க்கரி பக்தர்களுக்குத் தெருக்காரர்கள் பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் வெல்லமும் வேர்க்கடலையும் கொடுப்பார்கள். இன்று பந்தல் போட்டு பிஸ்கட் பாக்கெட்டும் வேஃபரும் தண்ணீர் பாட்டிலும் கொடுக்கிறார்கள். பல்லக்கு போன பிறகு சாலையைப் பார்த்தால் எந்தக் கம்பெனி எவ்வளவு பக்தியானது என்று தெரிந்துவிடும்.

காக்குவின் விரதச் சாப்பாடு சாபுதானா கிச்சடி. ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், மேலே நெய். ஏகாதசியன்று இரட்டிப்பாகச் சாப்பிடுவதைப் பற்றி மராத்தியிலேயே ஒரு பழமொழி உண்டு. காக்குவே சொல்லிச் சிரிப்பார். நெய்யைத் தவிர்த்துப் பார்த்தால் தட்டில் இருந்த நான்கின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுகீசியர் கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகே இங்கே வந்தவை. 1296-இல் ஆளந்தியில் சமாதியான ஞானேஸ்வரர் இவற்றில் ஒன்றைக்கூடக் கண்ணால் கண்டிருக்க முடியாது.

அப்பாவுக்குச் சிரிப்பு வேறு காரணத்துக்கு. "நம்மூர்க் குச்சிக்கிழங்கைத் தின்னுட்டு விரதம்ங்கறாங்க பாரு!" இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, மரவள்ளியில் செய்து பார்த்தவர்கள் சேலத்துக்காரர்கள். பெரிய விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஆத்தூர் நெருங்கும் முன்பே சேகோ ஃபேக்டரியின் புளித்த நாற்றம் பஸ்ஸுக்குள் ஏறிக்கொள்ளும். உள்ளே கிழங்கைத் தோல் உரித்து, கழுவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். அடியில் தங்கும் மாவைக் குலுக்கிக் குலுக்கி மணியாக்கி, சலித்து, வறுத்து, களத்தில் கொட்டிக் காயவைப்பார்கள். நாரும் மற்ற சத்தும் பிரிந்து போக, மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. அது மூட்டையாகி ரயிலேறி மராட்டிய முன்னோர்களின் விரதமானது. 1981-இல் சேலத்தில் இதற்கென சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆக, தொழிற்சாலைச் சாப்பாடு அன்றும் இருந்தது. ஆனால் மாதத்துக்கு இரண்டு ஏகாதசிதான். மிச்ச நாளெல்லாம் காக்கு வீட்டில் பாக்ரியும் பருப்பும் கீரையும். இன்று வாரத்தில் ஏழு நாளும் ஏகாதசி. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. இருபது பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியது. மெல்லவும் வேலையில்லை, போதும் என்று வயிறு சொல்வதற்குள் பாக்கெட் காலி.

இதில் புனேக்குத் தனி அத்தியாயம் உண்டு. கே.ஈ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், 1993 முதல் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்து வந்தார். இங்கே பிறந்த குழந்தையின் எடை சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்டனில் 3.5. நம் குழந்தைக்குச் சதை குறைவு, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 2004-இல் அவரும் லண்டன் டாக்டர் யுட்கினும் ஜோடியாக நின்ற படம் 'லான்செட்' இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3; பார்க்க இருவருமே ஒல்லி. உடற்கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதம், நம்மவருக்கு 21.2. தலைமுறை தலைமுறையாக அரைவயிறு கிடந்த உடம்பு இப்படித்தான் சேமித்து வைக்கும் என்பது ஒரு கருத்து. அப்படிப்பட்ட உடம்புக்கு மேல்தான் பாமாயிலும் மைதாவும் வந்து இறங்கியிருக்கின்றன. 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்கில் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். நண்பர் புகழும் திடகாத்திரத்தின் மறுபக்கம் இது.

அதே புனே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கீரை, பால், பழம் அடிக்கடி சாப்பிட்ட தாய்மாருக்குக் குழந்தை தேறிப் பிறந்தது. அன்று எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெறும் வெளி. மழை விழுந்த பத்தாம் நாள் அம்மாவும் காக்குவும் முந்தானையை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கீரை பறிப்பார்கள். ஒருத்திக்குத் தமிழ், ஒருத்திக்கு மராத்தி. எந்தக் கொழுந்து கசக்கும் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. அந்த வெளியில் இப்போது அடுக்குமாடி. கீரை மட்டும் இன்றும் தள்ளுவண்டியில் வருகிறது, கட்டு கட்டாக, யார் படமும் இல்லாமல். ஆய்ந்து எடுக்க அரைமணி ஆகும் என்பதால் யாரும் நிறுத்துவதில்லை.

அம்மாவையும் தியாகி ஆக்கிவிடக் கூடாது. 1983-இல் மேகி வந்த புதிதில் தெருவிலேயே முதலில் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. மிக்சி வந்த அன்றே அம்மிக்கல்லைத் திண்ணைக்குத் தள்ளினாள். "அரைச்சுப் பாத்தவளுக்குத் தெரியும்டா தோள்வலி" என்பாள். கைப்பக்குவத்தைப் புகழ்கிறவர்களில் பாதிப்பேர் அரைத்ததே இல்லை, நான் உட்பட.

காக்குவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது. சாபுதானாவைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஏகாதசிக்குப் பார்க்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சாபுதானா உங்க ஊர்லதானே செய்யறாங்க? சர்க்கரை ஏறாத மாதிரி ஒரு தினுசு செய்யச் சொல்லேன், பாபா."

சொல்லிப் பார்க்கிறேன் காக்கு என்றேன். ஆத்தூர்க்காரர்கள் அதையும் செய்துவிடக் கூடியவர்கள்தான்.