பன்றி படிக்கும் உயரத்தில் ஒரு கல்

அனுப்புநர்: மலையடிவாரத்து இரண்டு ஏக்கர் கடலைக்காரன்
பெறுநர்: உயர்திரு வனத்துறை அதிகாரி அவர்கள்
பொருள்: காட்டுப்பன்றிகள் படிக்கும் உயரத்தில் கிலோமீட்டர் கல் நடக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2025 ஜனவரியில் அரசு போட்ட உத்தரவை எங்கள் ஊர் டீக்கடையில் சத்தமாக வாசித்தோம். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையே சுடலாம். கணக்கு கச்சிதம். வாசித்து முடித்ததும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அந்த முதல் கிலோமீட்டர் முடிகிற இடம் என் கிணற்று மேட்டு வாய்க்கால். வாய்க்காலுக்கு மேற்கே நின்று தின்கிற பன்றி அரசு விருந்தாளி. வாய்க்காலைத் தாண்டிவிட்டால் கூண்டுக்கைதி. போன செவ்வாய்க்கிழமை இரவு ஏழு உருப்படி வந்தன. தாய் கிழக்கே, குட்டிகள் ஆறும் மேற்கே. குடும்பத்தைப் பிரித்த பாவம் நமக்கு எதற்கு என்று டார்ச்சை அணைத்துவிட்டேன்.

விடிந்து பார்த்தால் டிராக்டர் ஓட்டியது போலக் கிளறிக் கிடக்கிறது. செடியெல்லாம் இருக்கிறது, காயைத்தான் காணோம். சுற்றிலும் வேலியாகக் கட்டியிருந்தது என் வீட்டம்மாவின் பழைய சேலைகள். இனிக் கட்டுவதென்றால் கல்யாணப் பட்டுதான் பாக்கி. சலூனில் கூட்டி வந்த முடியையும் தூவினேன். முகர்ந்தால் மூக்கில் ஏறி ஓடிவிடும் என்றார்கள். இரண்டு நாள் ஓடின. மூன்றாம் நாள் தும்மிவிட்டுத் தின்றன.

இழப்பீட்டுக்குச் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் கொண்டுபோனேன். "பன்றி தின்கிற மாதிரி போட்டோ இருக்குங்களா?" என்று கேட்டார் ஒருவர். அடுத்தமுறை கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன் என்று சொல்லி வந்தேன்.

யானைகள் எவ்வளவோ தேவலை, சட்டம் தெரிந்தவை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் ஊருக்குள் வந்தபோது 144 தடை உத்தரவு போட்டார்கள். நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது. அது தனியாகத்தான் வந்தது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாநில எல்லையைக் கேட்காமலே கடந்துவிட்டது. மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றிக் களக்காடு முண்டந்துறையில் இறக்கினார்கள். அங்கேயும் யாராவது ஒரு கோடு போட்டிருப்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்துக்கும் காடு என்றுதான் பேர், வனத்துக்கும் காடு என்றுதான் பேர். "காட்டுக்குப் போறேன்" என்று நான் கிளம்புவதும் பன்றி கிளம்புவதும் ஒரே இடத்துக்குத்தான். என் தாத்தா வெட்டித் திருத்துமுன் அது அதன் காடு. பட்டா வந்தபின் என் காடு. பன்றிக்கு நகல் அனுப்பவில்லை. மேலே மலைச்சரிவில் நீச்சல்குளத்தோடு விடுதி கட்டியவர்களுக்கும் இந்தக் கிலோமீட்டர் கணக்கு உண்டா என்று டீக்கடையில் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை.

ஆகவே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், எழுத்து வேண்டாம், படம் போட்ட கல்லாக ஒன்று நட்டுத் தரவும். கடலை பிடுங்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதுவரை கிணற்று மேட்டில் கட்டில் போட்டுப் படுத்திருப்பேன். கள ஆய்வுக்கு வருவதானால் இரவு பதினொன்றுக்கு மேல் வாருங்கள். பகலில் வந்தால் என்னை மட்டும்தான் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
முதல் கிலோமீட்டரின் கடைசிக் குடியானவன்