சொல்லி வைக்கிற மாமா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மே மாதத்தில் இவர் உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார். செருப்பைக் கழற்றும்போதே "பையன் அடுத்து என்ன பண்றான்?" என்பார். பையன் எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பான். ஆனாலும் கேள்வி பெற்றவர்களுக்குத்தான். "இந்த வருஷம் கையில ஒண்ணுமில்லண்ணே, ஒரு வருஷம் ஏதாவது வேலைக்குப் போயிட்டு அப்புறம் காலேஜ்ல சேரட்டும்னு…" என்று அம்மா இழுத்தால் போதும். மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். "இதுக்கா இவ்வளவு யோசனை? ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. எனக்கு வாய்த்தவர் திருச்சிக்காரர், என் அண்ணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். படித்தால் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் சட்டையின் நிறத்தை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.

சொல்லி வைப்பதை லேசாக நினைக்கக் கூடாது. அதற்கு முதலில் கண்ணாடி வேண்டும். சட்டைப் பையில் தேடுவார், மேஜையில் தேடுவார், நெற்றியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார். அடுத்தது போன். அதில் ஆட்களைவிட ஆபீஸ்கள்தான் அதிகம். 'இ.பி. செல்வம்', 'தாலுகா ஆபீஸ் மணி', 'கலெக்டர் டிரைவர்', 'பேங்க் மேனேஜர் பழையவர்', 'மில் சூபர்வைசர் காலமானார்'. கடைசி நம்பரை ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று கேட்டேன். "அந்த நம்பரை இப்ப அவர் பையன் வச்சிருக்கான். அவனும் ஒரு நல்ல இடத்துலதான் இருக்கான்" என்றார்.

நம்பர் கிடைத்ததும் வீடு அடங்கிவிடும். அண்ணி மிக்சியை நிறுத்துவார். அண்ணன் டிவி சத்தத்தைக் குறைப்பார். பிளஸ் டூ முடித்த தங்கள் பையனை முன்னால் வந்து உட்காரச் சொல்வார்கள். மாமா எந்தக் காலத்திலும் போனைக் காதில் வைத்துப் பேசியதில்லை. ஸ்பீக்கரில் போட்டு, தட்டில் விபூதி நீட்டுவதுபோல் உள்ளங்கையில் ஏந்தி நடுக்கூடத்தில் நீட்டுவார்.

"அலோ, செல்வமா? நான்தான்."

"யாருங்க?"

"நான்தான்ப்பா."

"யாருன்னு தெரியலீங்களே."

பெயர், தெரு, பழைய வீட்டு ஓனர் பெயர் எல்லாம் சொன்ன பிறகு, "அட, நீங்களாண்ணே! சொல்லுங்க" என்று அந்தப் பக்கம் குரல் வரும். மாமா போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களிடம், "பாத்தீங்களா, குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டான்" என்பார்.

பிறகு பேச்சு செல்வத்தின் முழங்காலுக்குப் போகும். தைலம் மாற்றினீர்களா, மாடிப்படி ஏற முடிகிறதா என்று எல்லாம் விசாரிப்பார். அங்கிருந்து செல்வத்தின் மகளுக்கு எத்தனையாவது மாசம், டாக்டர் என்ன சொன்னார் என்று ஒரு சுற்று வரும். ஸ்ரீரங்கத்தில் ஒரு சென்ட் என்ன விலைக்குப் போகிறது, இந்த வருஷமாவது மேட்டூரை ஜூன் 12-ம் தேதி ஒழுங்காகத் திறப்பார்களா என்பதும் உண்டு. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதோ கேட்கப்போகிறார் என்று அண்ணன் பையனின் தொடையைத் தட்டுவார். அப்போதுதான் மாமா, "வேற ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் கூப்பிட்டேன். வெச்சிரட்டுமா?" என்பார். வைத்தும்விடுவார்.

"வேலை விஷயம் கேக்கவே இல்லையே மச்சான்?" என்று அண்ணன் மெல்லக் கேட்டால் அவர் பார்க்கும் பார்வையில் பரிதாபம் வழியும். "எடுத்த எடுப்புல கேட்டா மதிப்பு இருக்காது மாப்ளே. இப்ப காதுல போட்டாச்சு. அது வேலை செய்யும்."

காதில் போட்டது மேட்டூர் அணையைத்தான். அதுவும் வேலை செய்தது. தண்ணீர் திறந்து, முக்கொம்புக்கு வந்து, கல்லணையையும் தாண்டிப் போனது. அதற்குள் மாமா பலமுறை 'ஞாபகப்படுத்தி'விட்டார். செல்வத்துக்கு முழங்கால் வலி குறைந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம். பேரனுக்குப் பெயர் வைத்த அன்றைக்கு, "என்ன பேரு வெச்சாங்களாம்ண்ணே?" என்று அண்ணியே ஆர்வமாகக் கேட்டார். செல்வத்தின் குடும்பத்தில் எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை என்றாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு பையன் இருப்பது மட்டும் செல்வத்துக்குத் தெரியாது.

ஒரே ஒரு தடவை, அண்ணன் முறைத்த முறைப்பில், மாமா விஷயத்துக்கு வந்தார். "செல்வம், நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்…" செல்வம் முடிக்க விடவில்லை. "அண்ணே, நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். எங்க மாப்பிள்ளைக்கு நாலு மாசமா வேலை இல்ல. உங்களுக்குத்தான் ஊர்ல எல்லாரையும் தெரியுமே, எங்கியாவது பாத்துச் சொல்லுங்களேன்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுக்கா இவ்வளவு தயங்குற? ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

அவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. வரும்போதெல்லாம் பயோடேட்டா ஒரு காப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு வாங்கிக்கொண்டு போவார். அந்தப் போட்டோக்கள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. பையனுக்கு இன்னும் பதினெட்டு முடியவில்லையே என்றால், "அதையும் சொல்லிக்கிறேன்" என்பார். வயசையே சொல்லிக் கூட்டிவிடக்கூடியவர்.

முழுக்கப் புளுகு என்றும் தள்ளிவிட முடியாது. 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை, 1965-ல் உற்பத்தி தொடங்கிய திருவெறும்பூர் பெல், அவற்றைச் சுற்றி முளைத்த லேத்துப் பட்டறைகள், லாரி ஷெட்டுகள் எல்லாம் ஆள் தேடிக்கொண்டிருந்த ஊர் இது. அப்போதெல்லாம் பெரிய இடங்களில் வேலைவாய்ப்பு அலுவலக அட்டை வேண்டும். சின்ன இடங்களில் தெரிந்த ஆள் வேண்டும். மாமாவே பதினேழு வயதில் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் அப்படிச் சேர்ந்தவர்தான். அவருடைய மாமா முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "பையன் கை சுத்தம்" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குச் சாயங்காலமே மூட்டைக் கணக்கு எழுத உட்கார வைத்துவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் இறங்கிவிடும். அப்போது அவரைப் பார்த்தால் எனக்கும் பிடிக்கும். தனக்குக் கிடைத்ததை இன்னொரு பையனுக்குச் செய்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிஜமாகவே இருக்கிறது. செல்வாக்குத்தான் இல்லை.

இன்று வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் கணினிக்குள் போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். பதிந்து ஐந்து வருஷம் ஆகியும் வேலை கிடைக்காத பிளஸ் டூ பையனுக்கு, குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், அரசு மாதம் 400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. "அஞ்சு வருஷம் எதுக்கு? அங்க நம்ம ஆளு இருக்கான்" என்று மாமா போனை எடுத்தார். அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

இதையெல்லாம் சிரித்து விட்டுவிடலாம். அப்ரண்டிஸ் விஷயத்தில் மட்டும் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

தெற்கு ரயில்வே அப்ரண்டிஸ் எடுக்கும்போது பொன்மலைப் பணிமனைக்கும் ஆள் எடுப்பார்கள். பதினைந்து வயது முடிந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. படிக்காத பையன்களுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. எழுத்துத் தேர்வு இல்லை, நேர்காணல் இல்லை. மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. எங்கள் பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். அறிவிப்பைப் பார்த்ததும் அவனே படித்துப் புரிந்துகொண்டு, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பிவிட்டான். வாசலில் மாமா வந்து நின்றார்.

"ஆன்லைன்ல போட்டா லட்சத்தோட லட்சமா எங்கேயோ போயிரும் மருமவனே. பொன்மலையில நம்ம ஆளு இருக்கான். நான் சொல்ற வரைக்கும் பொறு."

சொல்லி வைக்க ஆளே தேவைப்படாத ஒரு இடம் இருந்தது. அதற்கும் சொல்லி வைக்கக் கிளம்பினார். நான் போடச் சொன்னேன், அண்ணனும் போடச் சொன்னார். "அண்ணன் அவ்வளவு தூரம் சொல்லும்போது நாம மீறிப் போட்டா மனசு கஷ்டப்படுவாரு" என்றார் அண்ணி. பையன் பொறுத்தான். கடைசித் தேதி போனது. மாமாவிடம் கேட்டதற்கு, அந்த ஆள் ரிட்டையர் ஆகிவிட்டார் என்று தெரியாமல் போய்விட்டதாம்.

என்னால் முடியாது என்று ஒரு பெரிய மனுஷன் பையன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். முதல் வேலை தேடும் பையனுக்கு எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தெரியாது. பெரியவர் சொன்னால் நடக்கும் என்றுதான் அந்த வயசில் நினைப்பான். மாமாவுக்குச் சாயங்காலம் பேசப் பேச்சு கிடைத்தது. அவனுக்குப் போனது ரயில்வே. இதை அவரிடம் நேரில் சொல்லவும் முடியாது. வீட்டில் விசேஷம் என்றால் வாழைத்தார் கட்ட முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

ஆவணி கடைசியில் பையன் யாரிடமும் சொல்லாமல் என்.எஸ்.பி. ரோட்டில் நடந்துகொண்டே போயிருக்கிறான். ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடியில் 'ஆட்கள் தேவை' என்று ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் கேட்டான். "பதினெட்டு முடிஞ்சிருச்சா? ஆதார் இருக்கா? காலையில ஒன்பதரைக்கு வா." முடிந்தது. யாருடைய முழங்காலையும் விசாரிக்கவில்லை.

சட்டைத் துணி செக்‌ஷன். ஒரு வாரத்தில் அவன் கை பழகிவிட்டது. மடித்த துணியின் ஒரு முனையைப் பிடித்து ஒரே உதறில் கவுன்டர் முழுக்க விரிப்பான். வந்தவர் "வேற கலர்" என்று வாயைத் திறக்கும் முன் அடுத்தது விரிந்திருக்கும். ராத்திரி வீட்டுக்கு வந்தால் உப்புப் போட்ட வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு உட்காருவான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அவன் கவுன்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் இருக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க அதில் துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

முதல் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் பிடித்திருந்தார்கள். சின்னத் தொகைதான். "யாரு சித்தப்பா அவரு, என் சம்பளத்துல எடுக்கறதுக்கு?" என்று கேட்டான். நான் சொல்வதற்குள், "இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில நம்ம ஆளு இருக்கான்" என்று மாமா முந்திக்கொண்டார். அந்தக் கடை முதலாளியின் சகலையிடம் அவர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததாகவும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

போகும்போது பையனின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் போனில் அவன் பெயர் 'ஜவுளிக்கடை'.

அடுத்த வாரமே அவர் தெருவில் ஒரு பெண்ணுக்கு வேலை வேண்டியிருந்தது. அவளும் பிளஸ் டூ முடித்தவள்தான். அவர்கள் வீட்டிலும் மிக்சி நின்றிருக்கும். போன் ஸ்பீக்கருக்குப் போயிருக்கும். கவுன்டரில் கூட்டம் நெரியும் நேரத்தில் பையனின் போன் அடித்தது.

"மருமவனே, கால் வலி எப்படி இருக்கு?"

"மாமா, கஸ்டமர் நிக்கிறாங்க. என்ன விஷயம், சொல்லுங்க."

இப்படியும் பேசலாம் என்று மாமாவுக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை. தடுமாறிப்போய் விஷயத்தையே சொல்லிவிட்டார். "நாளைக்கு ஆதாரோட அனுப்புங்க. தீபாவளிக்கு ஆள் பத்தல" என்று பையன் வைத்துவிட்டான். அந்தப் பெண் இப்போது மூன்றாவது மாடியில் சுடிதார் செக்‌ஷனில் இருக்கிறாள்.

மாமா சொல்லி ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது. இனி பத்து வருஷத்துக்கு அவரைக் கையில் பிடிக்க முடியாது. தெருவில் வயசுப் பிள்ளைகள் இருக்கும் வீடாகப் பார்த்து ஏறி இறங்குகிறார். செல்வத்தின் மாப்பிள்ளைக்கும் அங்கேயே கேட்டிருக்கிறாராம். பில்லிங்கில் ஒரு இடம் காலி இருக்கிறது, சூபர்வைசரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்கிறான் பையன்.