வந்த காரணம்: சும்மா

பேராண்டி, "மெட்ராஸ் எப்படி இருந்துச்சு தாத்தா"ன்னு அன்னைக்குப் போன்ல கேட்டே. பக்கத்துல உன் பாட்டி இருந்தா, உள்ளதைச் சொல்ல முடியல. இப்ப அவ மகளிர் குழுவுக்குப் போயிருக்கா. சாவகாசமாச் சொல்லுதேன், கேட்டுக்கோ.

நம்ம பக்கம் ஒரு ஊருல சம்பந்தம் பேசப் போனா பெரியாளுக முதல்ல ஜாதகத்தையா பாப்பாங்க? ஊருணியில தண்ணி கெடக்கான்னு பாப்பாங்க. அப்புறம் திண்ணை. வழிப்போக்கன் ஒருத்தன் கேக்காம கொள்ளாம உக்கார முடிஞ்ச ஊருன்னா, பொண்ணு கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் கை நனைச்சிட்டு வந்திரலாம். உன் ஊரையும் நான் அப்படித்தான் பாத்தேன். பத்து நாளும் எனக்கு ஒரே சோலி: காசு குடுக்காம எங்கன உக்காரலாம்?

மொதல்ல ஊரு வாசலைச் சொல்லுதேன். நான் வாலிபத்துல வந்தப்போ பஸ்ஸு பாரிமுனையில கொண்டுபோயி எறக்கிச்சு. 2002ல வாசலைக் கோயம்பேட்டுக்கு நகத்தினாங்க. 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கத்துக்குத் தூக்கிட்டாங்க. விடியக்காலம் கண்டக்டர் "மெட்ராஸ் எறங்கு"ன்னான். எறங்கிப் பாத்தா வண்டலூர்ப் புலியே இன்னும் வரல. விருந்தாளி வர வர வாசப்படியைத் தள்ளி வச்சுக்கிட்டே போற வீட்டை இப்பத்தான் பாக்குதேன். அடுத்த தடவை திண்டிவனத்துல எறக்கிவிட்டு "மெட்ராஸ் வந்திருச்சு"ம்பான். குத்தஞ் சொல்லக் கூடாது, பஸ் ஸ்டாண்டு விஸ்தாரமா இருக்கு, நாற்காலியும் வரிசையாப் போட்டிருக்கான். அந்த மரியாதை அங்கனயே முடிஞ்சுபோச்சுன்னு பின்னாலதான் தெரிஞ்சது.

அடுத்தது உங்க பிளாட்டு வாசல். நோட்டு ஒண்ணை நீட்டுதான் அந்த ஒடிசாக்காரப் பையன். பேரு, வீட்டு நம்பர், வந்த நேரம், வந்த காரணம். நான் மூணை எழுதிட்டு நாலாவதுல "சும்மா"ன்னு போட்டேன். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனா "என்னா எழுதினே தாத்தா"ன்னு கேட்டான். சொன்னேன். "சும்மா இல்லே தாத்தா. டெலிவரியா, பிளம்பரா, கெஸ்டா?" ஏன்டா, பேரன் வீட்டுக்கு வாரதுக்கு ஒரு காரணம் வேணுமா? உனக்குப் போன் போட்டான், நீ மீட்டிங்ல இருந்தே. கால் மணி நேரம் நின்னேன். பொறுத்துப் பாத்துட்டு, தான் உக்காந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால தட்டி எனக்குத் தள்ளிவிட்டுட்டு அவன் நின்னுக்கிட்டான். எண்பது வயசுக் கிழவனுக்கு உன் ஊருல மொதல்ல இடங்குடுத்தவன் அவன்தான். பன்னெண்டு மணி நேர வேலையாம் பாவம், உக்காந்திருந்தே கால் வீங்கியிருக்கு.

மேல வந்தா உன் வீட்டுல பெரிய சோபா. மூணு பேர் தாராளமா உக்காரலாம். யாரு உக்காந்திருக்கா? துவைச்சுக் காஞ்ச துணி உக்காந்திருக்கு. நீ தரையில உக்காந்து அதுல முதுகைச் சாச்சு லேப்டாப்பு தட்டுதே. அந்த சோபாவுக்கு மாசத்தவணை வேற. நான் ஒண்ணும் பேசல. பேத்தியா வீட்டுக்கு வந்த உன் சம்சாரம் மனசு நோகக் கூடாதுன்னு நானும் தரையில உக்காந்துக்கிட்டேன்.

மறுநா விடிஞ்சதும் துண்டைத் தோள்ல போட்டுக் கெளம்பிட்டேன். எங்கேன்னா, பக்கத்துல லேக் வியூ ரோடுன்னு போர்டு பாத்தேன். லேக்குன்னா ஏரி, அந்த அளவு இங்கிலீசு எனக்கும் தெரியும். கரையில ஒரு மரத்தடி இருக்கும், உக்காரலாம்னு போனேன். பூக்காரம்மாகிட்ட "ஏரி எந்தப் பக்கம் தாயீ"ன்னேன். கையில இருந்த சரத்தைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சுச்சு. "நீ நிக்கிறதே ஏரிதான் பெருசு."

அப்புறம் விசாரிச்சேன். யார்கிட்டேங்கிறது பின்னால வருது. மாம்பலத்துல நுங்கம்பாக்கத்துலருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீளமா ஒரு ஏரி கெடந்திருக்கு. 1920கள்ல வடிச்சு மனை போட்டு தியாகராய நகர்னு பேரு வச்சாங்க. நுங்கம்பாக்கத்து ஏரியைத் தூத்த எடத்துல 1976ல வள்ளுவர் கோட்டம் வந்தது. வான்சிறப்பு எழுதினவருக்கு மழைத்தண்ணி தங்குன எடத்தையே தூத்திக் கோயில்! டேங்க் பண்ட் ரோடுன்னு ஒண்ணு இருக்கு, ஸ்பர் டேங்க் ரோடுன்னு ஒண்ணு இருக்கு. செத்தவன் பேரைப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி ஏரிப் பேரைத் தெருவுக்கு வச்சிருக்கீக.

ஆனா தண்ணிக்கும் உக்கார இடம் வேணும்லா? 2015 டிசம்பர்ல எல்லா வீட்டுக்குள்ளயும் வந்து உக்காந்துச்சே, நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டா வந்துச்சு? பெறகு 2019ல குடிக்கத் தண்ணியில்லேன்னு ஜோலார்பேட்டையிலருந்து ஐம்பது வேகன்ல இருபத்தஞ்சு லட்சம் லிட்டரை ரயிலேத்தி வில்லிவாக்கத்துல எறக்குனீக. நாங்க மாட்டைத்தான் தண்ணிக்கு ஓட்டிக்கிட்டுப் போவோம். தண்ணியை ரயில்ல ஏத்தி ஓட்டிக்கிட்டு வந்தது நீங்கதான்.

சரி, கோவிச்சுக்காதே. தி.நகர் கூட்டிட்டுப் போனியே, அதைச் சொல்லணும். பாண்டி பஜார்ல சனங்க நடக்கதுக்குன்னே பாதையை அகலமாக்கி 2019ல தொறப்பு விழா நடத்துனாங்கன்னு பெருமையாச் சொன்னே. நடக்கதுக்கு விழா எடுத்த ஊரு! இருந்தாலும் அங்கன பெஞ்சு போட்டிருக்கான், ரெண்டு மார்க்கு குடுத்தேன். ரங்கநாதன் தெருவுல நானா நடக்கல. பின்னால வந்தவுக நடத்திக் கொண்டுபோயி விட்டாங்க. அங்கன ஜவுளிக்கடைப் படிக்கட்டைப் பாத்தியா நீ? ஒவ்வொரு படியிலயும் ஒரு புருஷன். மடியில கட்டைப்பை, மூஞ்சியில ஒண்ணுமில்ல. நானும் ஒரு படியில உக்காந்தேன். பக்கத்து ஆளு ஆரணிக்காரரு. "எத்தனாவது மாடியில இருக்காங்க?"ன்னாரு. "எனக்கு யாருமில்ல, சும்மா உக்காந்திருக்கேன்"னேன். அவர் என்னைப் பாத்த பார்வையில அவ்வளவு பொறாமை.

மத்தியானம் ஓட்டல். சாம்பார் ஊத்தும்போதே என் நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு நின்னான். ரசத்துக்கு அவன் சம்சாரமும் வந்துட்டா. மோருக்குள்ள மூணு பிள்ளைகளும் வந்து சேந்துச்சு. எங்கய்யா சாகக் கெடந்தப்போகூட தலைமாட்டுல இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக் காத்து நிக்கல. பாயசத்தை நான் வேணும்னே நக்கி நக்கிச் சாப்பிட்டேன், அது வேற.

டீக்கடையில பெஞ்சையே காணோம். மாஸ்டர்கிட்ட கேட்டேன். "பெஞ்சு போட்டா ஒரு டீக்கு ஒரு மணி நேரம் உக்காருவாங்க பெருசு, கடை அகலமே ஆறடி, வாடகை யார் குடுப்பா?"ன்னாரு. நியாயம்தான். நின்னுக்கிட்டே குடிச்சேன், நின்னுக்கிட்டே தினத்தந்தியும் பாத்தேன். நின்னுக்கிட்டுப் படிச்சா அரசியல் வெளங்க மாட்டேங்கு.

இவ்வளவு வஞ்சேன்லா, இப்ப மறுபக்கம். மாம்பலத்துல பீச்சுக்கு ரயில் ஏறுனேன். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931லருந்து கரண்டு ரயில் ஓடுதாம். எனக்கும் மூத்த வண்டி. மூணு பேர் உக்காருற சீட்டு. அதுல மூணு பேர் இருந்தாங்க. நான் கம்பியைப் பிடிச்சேன். ஓரத்துல இருந்தவன் என்னை ஏறிட்டும் பாக்கல, செல்லுலயே கண்ணு. ஆனா இடுப்பை மட்டும் நாலு விரக்கடை நகத்தினான். அவன் நகர, அடுத்தவன் நகர, ஜன்னலோரத்து ஆளு சுவத்தோட ஒட்டிக்கிட்டாரு. பாதி உடம்புக்கு இடம் கெடச்சது, மீதியை நான் காலால தாங்கிக்கிட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. எதுத்த சீட்டுல ஒரு பொம்பளை மல்லிகை தொடுத்துக்கிட்டே வந்துச்சு. ஏறும்போது மடியில உதிரி, எறங்கும்போது பத்து முழம். மெட்ரோவுலயும் ஏத்திக் காமிச்சே, குளுகுளுன்னு இருந்துச்சு, சுத்தம். ஆனா அங்கன யாரும் அந்த நாலு விரக்கடை நகரல.

கடற்கரை பெரிய திண்ணைதான், ஒத்துக்கிடுதேன். 1884ல கிராண்ட் டஃப்ங்கிற கவர்னர் நடைபாதை போட்டு மெரினான்னு பேரு வச்சானாம். வெள்ளைக்காரன் செஞ்சதுல நம்மகிட்ட வரி கேக்காதது இது ஒண்ணுதான். சுண்டல் வாங்கலேன்னாலும் யாரும் எழுப்பல. உழைப்பாளர் சிலைகிட்ட ரொம்ப நேரம் நின்னேன். ராய் சௌத்ரி செஞ்சதாமே. நாலு பேரு 1959லருந்து ஒரு பாறையைத் தள்ளுதாங்க, ஒரு சாண் நகரல. உன் ஆபீசு ஞாபகம் வந்துச்சு.

இப்ப நான் சொல்ல வந்த எடம். உங்க பிளாட்டுக்கு எதுத்தாப்புல தூங்குமூஞ்சி மரத்தடியில ஒரு இஸ்திரி வண்டி நிக்கில்லா, பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்டே, துணியைச் செல்லுல சொல்லி அனுப்புதே. அந்தாளு கரிப்பெட்டியை ஊதி ஊதிக் கங்கு பழுக்க வைப்பாரு, ஈரத்துணியில ஒரு தொடு தொட்டுட்டு சட்டைக் காலர்லருந்து ஆரம்பிப்பாரு. வண்டிக்குப் பின்னால ஒரு ஸ்டூலு, கவுத்துப் போட்ட பால் பாக்கெட் டிரே ரெண்டு. சாயந்தரம் ஆறு மணிக்கு அங்கன வந்து பாரு. மூணாவது மாடி ரிட்டயர்டு வாத்தியார் (ஏரிக்கதை அவர் சொன்னதுதான்), பூக்காரம்மா, டூட்டி முடிஞ்ச ஒடிசாப் பையன். அஞ்சு நாள் நானும். உன் சட்டைக்கு எத்தனை பொத்தான் இல்லைங்கிறதுலருந்து உன் பிளாட்டு சங்கத்துல யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லைங்கிறது வரைக்கும் அங்கன தெரியும். நீ நாலு வருசமா எந்த ஊருல குடியிருக்கேன்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சது.

அந்த நீலக் கலர் டிரே என்னோடது. நான் தைக்கு வார வரைக்கும் யாருக்கும் குடுக்காதீகன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ வேணா அதுவரைக்கும் உக்காந்துக்கோ. போன ஒடனே வாத்தியார் கேப்பாரு, "என்ன தம்பி, என்ன விசயமா வந்தீங்க?"ன்னு. என்ன சொல்லணும்னு தெரியும்லா?