18 ரூபாய்க்கு ஒரு ரசீது

அனுப்புநர்: பழைய நேயர் ஒருவர், காவிரி டெல்டா.
பெறுநர்: ஆல் இந்தியா ரேடியோவையும் தூர்தர்ஷனையும் நடத்தும், தன்னாட்சி பெற்ற பிரசார் பாரதி, புதுதில்லி. (தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் படித்துப் பார்த்த பின்)
பொருள்: ஆண்டுச் சந்தா செலுத்துதல், ரசீது கோருதல் – தொடர்பாக.

ஐயா,

நேயர் விருப்பம் கேட்டு வந்த கடிதம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். பாட்டு எதுவும் வேண்டாம். இது பண விஷயம்.

மத்திய பட்ஜெட்டில் ஆண்டுதோறும் உங்களுக்கு ஒதுக்குவது சுமார் 2,500 கோடி ரூபாய். நாம் 140 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் என் பங்கு 18 ரூபாய். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் வடையும் சாப்பிட இது பற்றாது. பிரிட்டனில் பிபிசிக்காக டிவி பார்க்கும் வீடுகள் 2025-ல் கட்டிய ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டு. நம் பணத்தில் 20 ஆயிரம் ரூபாய் பக்கம் வரும், கட்டாமல் பார்த்தால் வழக்கு. ஆகவே விலையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. டீக்கடையில் காசு கொடுத்தால் டீ என் கைக்கு வருகிறது. உங்களிடம் காசு நான் கொடுக்கிறேன், டீயை அமைச்சர் குடிக்கிறார். என் சந்தேகம் அதுதான்.

எந்த அமைச்சர் என்று கேட்காதீர்கள். அதில் நீங்கள் பாரபட்சம் காட்டியதே இல்லை. உங்களைக் கட்சி சார்ந்தவர் என்பவர்கள் அவதூறு பேசுகிறார்கள். நீங்கள் எந்தக் கட்சியையும் சார்ந்தவர் இல்லை, ஆளும் கட்சியை மட்டுமே சார்ந்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவை ஜனங்கள் ‘ஆல் இந்திரா ரேடியோ’ என்றார்கள். காங்கிரஸ் விழாவில் பாட மறுத்ததற்காக கிஷோர் குமாரின் பாட்டையே 1976-ல் காற்றிலிருந்து இறக்கிவிட்டார்கள். 1977 பிப்ரவரியில் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஜெகஜீவன் ராமும் தில்லி ராம்லீலா மைதானத்தில் கூட்டம் போட்ட அன்று, மக்களை வீட்டிலேயே உட்கார வைக்க தூர்தர்ஷனில் ‘பாபி’ படம் ஓடியது. (அப்படியும் கூட்டம் அலைமோதியது. ஆனாலும் உங்கள் பக்கமிருந்து முயற்சியில் குறையில்லை.) ராஜீவ் வந்தார், ‘ராஜீவ் தர்ஷன்’ என்று பெயர் வந்தது. 2014 விஜயதசமிக்கு ஆர்.எஸ்.எஸ். தலைவரின் உரையை நேரலையாகவே கொடுத்தீர்கள். 2017 சுதந்திர தினத்துக்குத் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்கார் பேசிக் கொடுத்ததை மாற்றித் தரச் சொன்னீர்கள். ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன் என்றார் அவர். உரை வரவில்லை. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் டிடி நியூஸ் சின்னத்தின் நிறத்தைக் காவியாக்கினீர்கள். அரை நூற்றாண்டாக இவ்வளவு சீரான நடுநிலையை வேறு யார் காத்திருக்கிறார்கள்?

எங்கள் தமிழ்நாட்டைப் பாருங்கள். இங்கே ஆளுக்கொரு சேனல். திமுகவுக்கு ஒன்று, அதிமுகவுக்கு ஒன்று, பாமகவுக்கு ஒன்று, விஜயகாந்த்கூட ஆரம்பித்துப் பார்த்தார். எல்லாரும் சொந்தக் காசைப் போட்டு, விளம்பரம் தேடி, அவரவர் தலைவரை அவரவர் காட்டிக்கொள்கிறார்கள். தில்லியில் ஆளும் கட்சிக்கு மட்டும் இந்தச் சிரமம் கிடையாது. யார் ஜெயித்தாலும் பதவியேற்ற அன்றே ஒரு டிவியும் ஒரு ரேடியோவும் தயாராக இருக்கும், மின்சாரக் கட்டணம் உட்பட நாங்கள் கட்டிவிடுகிறோம். என் 18 ரூபாய் போய்ச் சேரும் இடம் தெரியும்போது எனக்கே பெருமையாக இருக்கிறது.

ரேடியோச் செய்தியில் உங்களுக்குப் போட்டிகூட இல்லை. தனியார் பண்பலைக்காரர் சினிமாப் பாட்டு போடலாம், மாமியார் ஜோக் சொல்லலாம், போன் போட்டு யாரையாவது ஏமாற்றிச் சிரிக்கலாம். ஊரில் நடப்பதைப் பற்றிச் சொந்தமாக ஒரு செய்தி வாசிக்கக் கூடாது. வேண்டுமானால் உங்கள் செய்தியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச் சொத்தை யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி.

2024 அக்டோபரில் டிடி தமிழ் நடத்திய ஹிந்தி மாத நிறைவு விழாவைக் குறிப்பிடாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். ஆளுநர் மேடையில் நிற்க, தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு வரி காணாமல் போனது. பாடியவர்களுக்குக் கவனம் சிதறிவிட்டது என்று விளக்கம் சொல்லி வருத்தமும் தெரிவித்தீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். நாங்கள் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையை ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக் காலத்திலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். அன்றைக்குத் தடங்கல் என்றால் திரை முழுக்கப் போகும். ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் மொட்டை மாடிக்கு ஓடுவார், கீழிருந்து இன்னொருவர் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று கத்துவார். இப்போதோ தடங்கல் வந்து சரியாக அந்த ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. தொழில்நுட்பம் எவ்வளவு முன்னேறிவிட்டது!

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘இந்த ஆள் அரசுக் காசையே நிறுத்தச் சொல்கிறான்’ என்று சந்தோஷப்படும் சிலர் உங்கள் பக்கத்துக் கட்டடத்திலேயே இருப்பார்கள். இழுத்து மூடு, கோபுரத்தைப் பழைய இரும்புக்குப் போடு, நிலத்தை விற்றுவிடு என்பவர்கள். அவர்கள் எங்கள் பக்கம் ஒரு நடை வந்து பார்க்கட்டும். 1960களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தது. அதைத் தஞ்சாவூர் விவசாயியின் வயலில் இறக்கியது விதை வியாபாரி அல்ல, திருச்சி வானொலி. நாற்று எப்போது விடுவது, உரம் எவ்வளவு போடுவது, பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்று பண்ணை ஒலிபரப்பில் தினம் தினம் சொன்னார்கள். ஆடுதுறையாவது, இருபத்தேழாவது! ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. எந்த விளம்பரதாரர் நாற்றங்காலுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பார்? கரையோரத்து மீனவருக்குக் காற்றின் வேகம் சொல்ல எந்த நகைக்கடை ஸ்பான்சர் செய்யும்?

காசில்லாத வானொலி என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1924-ல் சில ஆர்வலர்கள் கூடி மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஆரம்பித்தார்கள், பணமுடையால் 1927-ல் நின்றது. அவர்களுடைய டிரான்ஸ்மிட்டரைப் பெற்றுக்கொண்டு 1930-ல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது யார் தெரியுமா? சென்னை மாநகராட்சி. குப்பை அள்ளுகிற, தெருவிளக்குப் போடுகிற அதே மாநகராட்சி, மெரினாவில் ஒலிபெருக்கி கட்டி ஜனங்களைச் சங்கீதம் கேட்க வைத்தது. ஆல் இந்தியா ரேடியோ 1938-ல்தான் வந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் எதிர்த்திசையில் போகிறார்கள். பொது ஒலிபரப்புக்கென்று ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அவர்கள் நாடாளுமன்றம் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. பெரு நகர நிலையங்கள் நன்கொடை திரட்டிப் பிழைத்துக்கொள்ளும். அடிபடுவது கிராமத்து நிலையம்தான்.

ஆக, காசு கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. இன்னும் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டாலும் தருவேன். அதில் கொஞ்சத்தை உங்கள் நிலையங்களில் வருஷக்கணக்காகத் ‘தற்காலிக’ அறிவிப்பாளர்களாகவே இருந்து தலை நரைத்தவர்களுக்குக் கொடுங்கள். காசு வருகிற வழியைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவிடம் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஒன்று இருந்தது. சேமிப்புக் கணக்குப் புத்தகம் மாதிரி சின்னதாக இருக்கும். வருஷம் 15 ரூபாய் தபால் ஆபீசில் கட்டினால் வில்லை ஒட்டி, முத்திரை குத்தித் தருவார்கள். ரேடியோவில் குரல் கரகரத்தால் அப்பா அந்தப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு திட்டுவார். ‘காசு கட்டியிருக்கேன்யா!’ என்பார். திட்டுவதற்கான உரிமம் அது என்றே சின்ன வயதில் நான் நினைத்திருந்தேன். 1980களின் நடுவில் லைசென்ஸை ஒழித்தார்கள். ஜனங்கள் தொல்லை விட்டது என்றார்கள். அன்றோடு எங்கள் பெயர் கணக்கிலிருந்து போய்விட்டது. அதன்பிறகு உங்களுக்குப் படியளப்பவர் அமைச்சர். படியளப்பவர் முகத்தைத்தானே பார்ப்பீர்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான்.

உங்களுக்குச் சுதந்திரம் தரவேண்டும் என்று சந்தா என்பவர் தலைமையிலான கமிட்டி 1960களிலேயே சொன்னது. வர்கீஸ் கமிட்டி 1978-ல் சொன்னது. 1990-ல் சட்டம் நிறைவேறியது. அது அமலுக்கு வர 1997 ஆனது. நாடாளுமன்றத்திலிருந்து அமைச்சகம் இருந்த சாஸ்திரி பவன் நடந்துபோகிற தூரம்தான். வந்த சட்டத்திலும், நீங்கள் விதிமுறை வகுக்க மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும், அரசு உங்களுக்கு உத்தரவும் போடலாம். பிறகு 2014-ல் சாம் பிட்ரோடா கமிட்டி, சுதந்திரம் போதவில்லை என்று மறுபடி சொன்னது. இத்தனை கமிட்டிகள் குடித்த காப்பிச் செலவையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை.

சட்டத்திலேயே 22 எம்.பி.க்கள் கொண்ட குழு உங்களைக் கண்காணிக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பல கட்சிகளும் இருக்கும் அந்தக் குழுவிடம் கணக்குக் காட்டுங்கள். ஐந்து வருஷத்துக்கு இவ்வளவு என்று தொகையைச் சட்டத்திலேயே கட்டிப்போடச் சொல்லுங்கள். அமைச்சர் கோபித்தாலும் குறையக் கூடாது, குளிர்ந்தாலும் கூடக் கூடாது. அமைச்சர்களும் நேயர்கள்தாம், அவர்களும் 18 ரூபாய்தான் தருகிறார்கள். செய்தி அறிக்கையில் அவர்கள் முகமும் அந்த அளவுக்கு வந்தால் போதும்.

இந்த ஆண்டுச் சந்தாவுக்காக 20 ரூபாய் போஸ்டல் ஆர்டர் ஒன்று இணைத்திருக்கிறேன். பிரசார் பாரதி பெயருக்குக் கிராஸ் செய்திருக்கிறேன், அமைச்சகத்தின் கணக்கில் மாற்ற முடியாது. மீதி இரண்டு ரூபாயை அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வையுங்கள். ரசீது என் பெயருக்கு, தனித் தபாலில்.

தங்கள் உண்மையுள்ள,
முதலாளி (140 கோடியில் ஒருவன்)

நகல்: மாண்புமிகு அமைச்சருக்கு அனுப்பவில்லை. அசலே முதலில் அங்கேதான் போகும்.