மரத்தடி இல்லாத ஊரில் பஞ்சர்

எய்ந்தோவன், நெதர்லாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

"மோட்டார் வைத்த சைக்கிளின் டயருக்கு எதற்குக் கவசம்? பஞ்சரானால் ஒட்டிக்கொண்டு போவதுதானே?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒட்டுகிற ஆளை அதில் காணோம். நம்மூரில் புளியமரத்தடியில் ஒரு கம்ப்ரஸரும் தண்ணீர்ச் சட்டியும் கிளையில் மாட்டிய பழைய டயரும் இருந்தால் கடை. அவர் இருக்கிற தைரியத்தில்தான் நாம் டயரைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்தோம். இங்கே ஜனத்தொகை சுமார் 1.8 கோடி, சைக்கிள்கள் 2 கோடிக்கு மேல். ஆனாலும் மரத்தடியில் ஓர் ஆள் கிடையாது. கடை உண்டு, அதற்கு முன்பதிவு வேண்டும், கூலியைக் கேட்டால் பஞ்சரே தேவலை. அதனால் பஞ்சரைத் தடுப்பது வண்டிக்காரன் வீட்டில் செய்துகொள்ள வேண்டிய வேலை.

வரும்முன் காப்பது சாதாரண சைக்கிளுக்கே நல்லதுதான். பேட்டரி சைக்கிளுக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. காரணம் பின்சக்கரம். டச்சுக்காரர்கள் சைக்கிளைப் பொத்திப் பொத்தி வளர்ப்பவர்கள். சங்கிலிக்கு முழு உறை, கோட்டு சிக்காமலிருக்கச் சக்கரத்தின் இரு புறமும் மறைப்பு (நம் சேலை கார்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி), மட்கார்டு, சக்கரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும் வளையப் பூட்டு, மேலே கேரியர். எல்லாவற்றுக்கும் சட்டை போட்டுவிட்டு, கண்ணாடித் துண்டிலும் வேலி வெட்டிய முள்ளிலும் உருளப்போகிற டயரை மட்டும் வெறும் உடம்போடு அனுப்புகிறார்கள். மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருந்துவிட்டால் சக்கரத்தைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை: வயரைப் பிடுங்க வேண்டும், அச்சு நட்டைத் தளர்த்த வேண்டும், வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டும். 25 கிலோ வண்டியைத் தலைகீழாக நிறுத்தினால் கைப்பிடியிலிருக்கும் திரை முதலில் தரையைத் தொடும். விவரமானவர்கள் சக்கரத்தை அதன் இடத்திலேயே விட்டு, டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டுகிறார்கள். நம் மரத்தடிக்காரர் எந்தக் கையேடும் படிக்காமல் செய்துவந்தது இதைத்தான்.

ஆகவே தடித்த டயர். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் என்ற ஜெர்மன் டயரில் மிதிபடும் ரப்பருக்குக் கீழே இன்னும் 5 மில்லிமீட்டர் ரப்பர்ப் பட்டை இருக்கிறது. அறிவிப்புப் பலகையில் குத்தும் குட்டை ஆணி முழுதாக ஏறினாலும் டியூபைத் தொடாது. "கனமாக இருக்குமே, மிதிக்க முடியுமா?" என்பீர்கள். கால் மட்டும் மிதிக்கும் வண்டியில் அது சரியான ஆட்சேபம். ஆனால் இங்கே சட்டம் அனுமதிக்கும் 250 வாட் மோட்டார் கூடவே தள்ளுகிறது. டயரின் கனம் அதன் பாடு. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் மோட்டார் கைவிட்டுவிடும், பிறகு காலின் பாடு. அந்த வேகத்தைத் தாண்டும் கால் நம் வம்சத்தில் கிடையாது என்பதால் கவலை இல்லை.

டியூபுக்குள் ஊற்றும் பால் போன்ற அடைப்புத் திரவமும் விற்கிறார்கள். முள் குத்திய சிறு துளையை அடைக்கும், உண்மை. ஆனால் சில மாதங்களில் உலர்ந்து போகும். பெரிய கிழிசலில் அடைக்காமல் வழிந்து, பிறகு பேட்சையும் ஒட்டவிடாது. காற்றே வேண்டாத கட்டை டயரை வாங்கலாமே என்றால், அது உலுக்கிய உலுக்கலில் இருந்து தப்பிக்கத்தான் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்து 1888இல் காப்புரிமை வாங்கினார். முதுகெலும்பை அடகு வைத்துப் பஞ்சரை மீட்பது என்ன கணக்கு?

இத்தனைக்கும் மேலே காசில்லாத காப்பு ஒன்று உண்டு: காற்று. காற்றுக் குறைந்த டயரோடு இந்தக் கனத்த வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால், டியூபை ரிம்மே கடித்து, பாம்பு கொத்தியது போல இரண்டு துளை போட்டுவிடும். முள்ளே தேவையில்லை, பட்டையும் காப்பாற்றாது. பேட்டரியும் சீக்கிரம் தீரும். குத்தாமலே டியூபிலிருந்து காற்று மெல்லக் கசியும் என்பதால் சில வாரத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்காதீர்கள். தடித்த டயர் பாதிக் காற்றிலும் கல்லாட்டம் இருந்து விரலை ஏமாற்றும். மானி வைக்கலாமென்றால், இங்கே பல சைக்கிள்களில் இருப்பது டன்லப் பெயரில் வழங்கும் பழைய வால்வு. நம்மூரில் வால்டியூப் மாட்டுவோமே, அந்தச் சாதிதான். சாதாரண மானிக்கு அது வாயே திறக்காது. அளவு காட்டும் பம்பில் அடிக்கும்போது முள் ஆடுவதைப் பார்த்து ஊகிப்பதுதான். செயற்கைக்கோள் வழிகாட்டும் வண்டிக்கு ஊகத்தில் காற்று!

அத்தை பார்சல் கட்டும்போது முறுக்கு போக இடம் மிச்சமிருந்தால், பழைய டியூபில் வெட்டிய துண்டு நாலும், உள்ளங்கை அகல உப்புத்தாளும் வைக்கச் சொல்லுங்கள். இங்கே பஞ்சர் ஒட்டும் பெட்டியில் தருவது நகம் அளவுதான் இருக்கிறது. மரத்தடிக்காரரிடமே கேட்டு வாங்குங்கள். அவரை விசாரித்ததாகவும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்