அன்று படிக்கக் கிடைக்கவில்லை, இன்று எழுதக் கட்டுப்படியாகவில்லை

எண்பதுகளில் தாவரவியலில் ஆராய்ச்சி செய்த எங்களுக்கு வெளிநாட்டு ஜர்னல் என்றால் பெரும்பாலும் அதன் பொருளடக்கம்தான். பிலடெல்பியாவிலிருந்து வாரந்தோறும் வெளிவந்த 'கரன்ட் கன்டென்ட்ஸ்' இதழில் உலகத்து ஜர்னல்களின் பொருளடக்கப் பக்கங்களும், பின்னால் கட்டுரையாளர்களின் முகவரிகளும் இருக்கும். தலைப்பைப் பிடித்து, முகவரியைத் தேடி, கட்டுரையின் பிரதி கேட்டுத் துறையில் அச்சடித்து வைத்திருந்த ரீபிரிண்ட் கார்டை நிரப்பி ஏர்மெயிலில் போடுவோம். சில வாரங்களிலோ மாதங்களிலோ உறை வரும். வராமலும் போகும். ஆனால் யாரும் காசு கேட்டதில்லை. பெயர்பெற்ற பேராசிரியர்கள், முன்பின் தெரியாத ஒரு மாணவனுக்குத் தங்கள் செலவில் தபால்தலை ஒட்டி அனுப்பிவைத்தார்கள். அந்தப் பெருந்தன்மையில்தான் என் ஆய்வேடு முடிந்தது.

கட்டுரை எழுதி அனுப்ப அன்று எனக்கு ஆன செலவு டைப்பிங் கூலியும் தபாலும் மட்டுமே.

1991-இல் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமாஸில் தொடங்கிய 'ஆர்கைவ்' வழியாக இயற்பியல்காரர்கள் அச்சாகும் முன்பே கட்டுரைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். எங்களுக்குப் பொறாமையாக இருந்தது. 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது: ஆய்வு எல்லோருக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும், ஏழை நாட்டின் அறிவும் பணக்கார நாட்டைச் சேர வேண்டும். சென்னையில் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இதையே சலிக்காமல் சொல்லிவந்தார். நாங்கள் முழுதாக நம்பினோம். இன்றும் நம்புகிறேன்.

கதவு திறந்தது உண்மை. அன்று மாதக்கணக்கில் காத்திருந்து பெற்றதைப் போன்ற கட்டுரைகள் பல இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் வாசகரிடம் வாங்காத பணத்தைப் பல பதிப்பகங்கள் எழுதுபவரிடம் வாங்கத் தொடங்கின. 2020-இல் 'நேச்சர்' அறிவித்த, கட்டுரையை எல்லோருக்கும் திறந்துவைப்பதற்கான 'ஓப்பன் ஆக்சஸ்' கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். மிக ஏழை நாடுகளுக்குப் பதிப்பகங்கள் தரும் முழு விலக்கு பெரும்பாலும் இந்தியாவுக்குக் கிடைப்பதில்லை. பிறர் அனுப்பும் கட்டுரைகளை மதிப்பீடு செய்கிற எங்களுக்கோ கூலி கிடையாது.

படிப்பதற்கும் பணம் கட்டுவது நின்றபாடில்லை. 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்துக்கு 2025 முதல் மூன்றாண்டுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 6,000 கோடி ரூபாய். சுமார் 13,000 ஜர்னல்கள் அரசு நிறுவன மாணவர்களுக்குக் கிடைக்கும். நல்லதுதான், வாங்கவே முடியாத கல்லூரிகளுக்குப் பெரிய உதவி. ஆனாலும் நம் வரிப்பணத்தில் நடந்து, நாமே எழுதிக்கொடுத்த ஆய்வையும் சேர்த்துத்தான் விலைக்கு வாங்குகிறோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேறு வழி இல்லாமலில்லை. பிரேசில் 1998-லேயே 'சைலோ' தளத்தைப் பொதுப்பணத்தில் கட்டி, லத்தீன் அமெரிக்க ஜர்னல்களை எல்லோருக்கும் திறந்துவைத்தது. சி.வி. ராமன் 1934-இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி தன் ஜர்னல்களைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. எழுதுபவரிடம் கட்டணம் கேட்பதில்லை.

அண்மையில் ஓர் அரசுக் கல்லூரி மாணவி, "காசு கேக்காத நல்ல ஜர்னல் எது சார்?" என்று கேட்டார். அறிவியல் அகாதமியின் ஜர்னல்களைச் சொன்னேன். "அதுல இம்பேக்ட் ஃபேக்டர் கம்மின்னு கைடு ஒத்துக்க மாட்டேங்கிறார் சார்" என்றார். கைடையும் குறை சொல்ல முடியாது. நாளை அந்த மாணவியை நேர்முகத்துக்கு அழைக்கும் குழு முதலில் பார்ப்பது, ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அந்த எண்ணைத்தான். அப்படிப்பட்ட குழுக்களில் நண்பர்கள் சிலர் உட்காருகிறார்கள். கட்டுரையைப் படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள் என்று அவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.